சிவப்புக் கல்லுக்கு அங்காலை

சமாதான காலத்தில் கிளிநொச்சியில் அயலெல்லாம் கத்தரியும் மிளகாயும் நட்டபோது அப்பா மட்டும் புல் நட்டார். அதுவும் மாட்டுக்கு அல்ல, சும்மா பார்ப்பதற்கு. ஊர் சிரித்தது. அக்காவும் நானும் ஊரோடு சேர்ந்து சிரித்தோம்.

சண்டையில் இடம்பெயர்ந்துபோன நாங்கள் அந்த வருடம்தான் வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். மிதிவெடி எடுக்கிறவர்கள் வளவைத் துப்புரவாக்கித் தந்துவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் ஓர் அலுவலகத்தில் அப்பாவுக்கு வேலை. அங்கே இருந்த புல்லுத்தரையைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த விசர் பிடித்தது என்பது எங்கள் முடிவு. இரணைமடு வாய்க்கால் ஓரம் அறுகு பிடுங்கி, உரப்பையில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவருவார். முழங்காலில் நின்று, சாணுக்குச் சாண் மண்ணைக் கையால் கிளறிக் கிளறி நடுவார். உதவிக்குப் போனால் நாயை விரட்டுவதுபோல் விரட்டுவார்.

“முழுக்க நட்டு முடியட்டும். பிறகு வந்து விளையாடுங்கோ.”

படலையிலிருந்து வாசல் வரை நடைபாதைக்குச் சல்லிக்கல் பரப்பினார். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது. சல்லிக்கல் பாதையில் கிடக்க மாட்டேன் என்றது. கோழி கிளறினால் புல்லுக்குள் போகும். சைக்கிள் திரும்பினால் போகும். எல்லாவற்றையும்விட அம்மாவின் விளக்குமாறுதான் பெரிய எதிரி. விடிந்தால் முற்றம் கூட்டாமல் அம்மாவால் இருக்க முடியாது, கல்லுப் பாதையானாலும் கூட்டத்தான் வேண்டும். கூட்டக் கூட்ட ஓரத்துக் கல்லெல்லாம் அறுகுக்குள் ஒளிந்துகொள்ளும். அப்பா பொறுக்கித் தரச் சொன்னால், அம்மா பாதையிலேயே குந்தியிருந்து கை எட்டும் தூரம்வரைதான் பொறுக்குவார். அப்பாவின் புல் நசிந்துவிடக் கூடாது என்று அவர் அதில் கால்கூட வைப்பதில்லை. அம்மாவைப்போல அந்தப் புல்லைப் பத்திரமாகப் பார்ப்பவர் யாருமில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

“வெறுங்காலோடை நடக்கிற இடம். ஒரு கல்லுக் குத்தக்கூடாது,” என்று அப்பா ஒரே பிடியில் நின்றார். ஓரத்தில் தேங்காய்ப் பொச்சுமட்டை தாட்டார், கறையான் தின்றது. போத்தல்களைக் கவிழ்த்துத் தாட்டார், மாமாவின் மோட்டார் சைக்கிள் ஏறி நொறுக்கியது.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு மல்லாவியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொடியனின் படத்தை அக்கா அலுமாரிக்குள் சேலை மடிப்பில் வைத்திருந்தார். நாளுக்கு நாலு தரம் அலுமாரி திறக்கிற சத்தம் கேட்கும். இது சரிவராவிட்டால் அக்கா தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் அப்பா உருண்டைக் கற்களைப் பாதையின் இரு ஓரமும் அடுக்கி, வெள்ளை அடிக்கும் வேலையை என்னிடம் தந்தார். படலைக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ற்றும் பேணியில் கிடந்தது. எனக்கு யோசனை ஓடியது. பள்ளிக்கூடம் போகிற வழியில் மிதிவெடி எடுக்கிறவர்கள் பாதிச் சிவப்பு, பாதி வெள்ளையாகக் கற்கள் வைத்திருந்தார்கள். வெள்ளைப் பக்கம் நடக்கலாம், சிவப்புப் பக்கம் ஆபத்து. அந்தக் கல்லைத் தாண்டி எவரும் கால் வைப்பதில்லை. கால் வைக்காவிட்டால் சல்லிக்கல் எப்படிப் புல்லுக்குள் போகும்? பாதைப் பக்கம் வெள்ளை, புல்லுப் பக்கம் சிவப்பு. அப்படியே அடித்து முடித்தேன். இருட்டிவிட்டதால் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரின் வான் வந்து நின்றபோது அப்பா சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அம்மாவும் அக்காவும் குசினியில் வடையோடு நின்றார்கள். வரவேற்க நான் ஓடினேன். படலைக்குள் வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, அங்காலை இன்னும் எடுக்கேல்லையோ?”

சல்லிக்கல்லைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “கொஞ்சம் எடுத்தது மாமி. உள்ளுக்கை இன்னும் கிடக்கு.”

“ஐயோ! கால் வைச்சால்?”

“கல்லெல்லாம் சிதறும்.”

வந்தவர்கள் வந்த வழியே, தங்கள் காலடியிலேயே கால் வைத்துத் திரும்பி வானுக்குப் போனார்கள். குசினி வாசலில் அக்கா அழுகிற முகத்தோடு நின்றார். எனக்கு எதுவும் விளங்கவில்லை.

நல்லவேளையாக அப்பா வந்து சேர்ந்தார். கற்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானைப் பார்த்தார். சைக்கிளைப் போட்டுவிட்டுப் புல்லுக்குள் பாய்ந்தார். “இஞ்சை பாருங்கோ! ஒண்டுமில்லை!” என்று துள்ளினார். வானுக்குள் பெண்கள் குளறினார்கள். மாமரத்தடி வரைக்கும் துள்ளிப் போய், வேட்டி அவிழ அவிழத் திரும்பித் துள்ளி வந்தார். முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சிவப்புக் கல்லைக் கடந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இன்றைக்கும் அத்தான் என்னைக் கண்டால், “கால் வைக்கலாமோ?” என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

பிறகு ஒரே கலகலப்பு. கதிரைகள் எல்லாம் புல்லுக்கு வந்தன. அம்மா வடைத் தட்டோடு பாதையால் வந்து, கல் வரிசையோடு நின்றுவிட்டார். தட்டை யாராவது வந்து வாங்கட்டும் என்பதுபோல நின்றார்.

“இவ்வளவு நாளும் நீங்கள் இதிலை இறங்கேல்லையே?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாய்.

“மிதிவெடி எல்லாம் எடுத்தாச்சு எண்டுதான் சொன்னவை,” என்றார் அம்மா. அசையவில்லை.

மாப்பிள்ளையின் தாய் ஒரு கணம் அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கத்துக் கதிரையைத் தட்டி, “கொண்டு வாங்கோ சம்மந்தி, பக்கத்திலை இருங்கோ,” என்றார்.

சம்மந்தி! அக்கா குசினிக்குள் ஓடினார். சந்தோஷத்தில் நானும் துள்ளினேன்.

அம்மா செருப்பைக் கழற்றினார். ஒரு காலைப் புல்லில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து மற்றக் காலையும் வைத்தார். சோடாப் போத்தல் மூடியைத் திறக்கப்போன அப்பா, திறக்காமல் அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

புல்லுக்குள் இன்னும் எங்கேயோ சல்லிக்கல் கிடக்கிறது, அதைத்தான் தேடுகிறார் என்று நான் நினைத்தேன்.