மக்குக்கும் அடி, கெட்டிக்காரிக்கும் அடி

டோரிட் மீன் ஏலக்கூடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். ஐஸ் கொட்டிய மீன்பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கித் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் அவள் பின்னோக்கி வந்தால், கப்பல்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். வாய் வண்டியைவிடப் பெரிது. யூட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஓயாத கடல்காற்றை மீறிப் பேசியாக வேண்டும், அதனால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் குரல் பெரிதுதான். ஆனால் பள்ளிக்கூட வாசலை மிதித்தால் மட்டும் டோரிட்டின் தொண்டை அடைத்துக்கொள்ளும். நாற்பது வயதைத் தாண்டியும் அது போகவில்லை.

அதே பள்ளியில் படித்தவள் அவள். படித்தவள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எழுத்துகள் அவள் கண்ணுக்கு முன்னால் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். 'மக்கு டோரிட்' என்று பேர் வைத்தார்கள். பேரோடு விட்டிருந்தால் போகட்டும். அவள் தொட்ட கதவுப்பிடியைச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் மற்ற பிள்ளைகள் தொடுவார்கள். தெரியாமல் அவள்மேல் இடித்துவிட்டவன், "டோரிட் பேன்! டோரிட் பேன்!" என்று அலறி, அதை அடுத்தவன்மேல் துடைப்பான். அவன் அதற்கடுத்தவன்மேல். மைதானம் முழுக்க ஓட்டமும் சிரிப்புமாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு, பிள்ளைகள் ஆரோக்கியமாக ஓடியாடுகிறார்கள் என்றுதான் தோன்றும். அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவள் பெர்னில். பல் டாக்டர் மகள், முத்துப் பல் வரிசை.

டோரிட்டின் அம்மா போய்க் கேட்டபோது அன்றைய வாத்தியார் சொன்னார்: "பாவம், மந்தமான பொண்ணு. வித்தியாசமா இருந்தா பிள்ளைங்க சீண்டத்தான் செய்யும். வாசிக்க வந்துட்டா எல்லாம் தானா நின்னுடும்." வாசிப்பு வந்தது, தட்டுத் தடுமாறி, ஒன்பதாம் வகுப்பில். பேன் நிற்கவில்லை. பள்ளி முடிந்த கையோடு ஏலக்கூடத்துக்கு வந்துவிட்டாள். அங்கே யாரும் அவளை எதையும் வாசிக்கச் சொல்லவில்லை, அவள் தொட்ட பெட்டியை எல்லோரும் தொட்டார்கள். அவள் வாய் திறந்தது அங்கேதான்.

பிறகு கார்ஸ்டன் என்ற கப்பல்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் வருஷத்தில் பாதி கிரீன்லாந்துப் பக்கம் கடலில் கிடப்பவன். பிறந்தது ஒரே பெண், எல்னா. அவள் பள்ளிக்குப் போகும் முன்பே பால் டப்பாவில் இருந்ததையெல்லாம் வாசித்தாள். டோரிட் சமையலறையில் நின்று அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுத முதல் அழுகை அது. 'என் பொண்ணை எவளும் மக்குன்னு சொல்ல முடியாது' என்று ஏலக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். இனி தொல்லையில்லை என்று நினைத்தாள் பைத்தியக்காரி.

ஐந்தாம் வகுப்பில் எல்னாவின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் காயத்தையாவது காட்டலாம். அவள் பேச ஆரம்பித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விடுவார்கள். அவள் வந்து உட்கார்ந்தால் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு முடிந்துபோகும். இந்தச் சேர்ந்திசைக்குக் கோல் பிடித்தவள் சில்லே, பெர்னிலின் மகள். அம்மாவின் பல் வரிசை அப்படியே இருந்தது.

வகுப்பாசிரியர் ஹென்னிங் நல்ல மனுஷன். எங்கள் ஊரில் எல்லோருமே நல்ல மனுஷர்கள்தான், அதுதான் வினை. அவர் டோரிட்டைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி ஊற்றிக் கொடுத்துச் சொன்னார்: "எல்னா ரொம்பக் கெட்டிக்காரி. கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ள கை தூக்கிடறா. மத்த பிள்ளைங்களுக்கு நாமதான் மக்கோன்னு தோணுது. பொறாமைதான், வேற ஒண்ணுமில்லை."

நகராட்சியிலிருந்து மனநல ஆலோசகி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு வேறு சொன்னாள். "அறிவு காரணமில்லைங்க. எல்னாவுக்குப் பழகத் தெரியல. கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கறா. எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் சிரிக்கறா. பிள்ளைங்க அதை உடனே மோப்பம் பிடிச்சிடும்."

கெட்டிக்காரத்தனமா, பழகத் தெரியாததா? இரண்டு பேரும் டோரிட்டை நடுவில் வைத்துக்கொண்டு விவாதம் செய்தார்கள். கொட்டாவி விட்ட பிள்ளைகளுக்கு என்ன கோளாறு என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. கல்லெறிந்தவனை விட்டுவிட்டு, மண்டை ஏன் இவ்வளவு மெல்லிசு என்று ஆராய்ச்சி நடந்தது. கடைசியில் எல்னாவைத்தான் பழகக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கு அனுப்பினார்கள். கண்ணைப் பார், சிரி, எதிராளியிடம் நல்லதாக ஒன்று சொல். எதைப் படித்தாலும் ஒழுங்காகப் படிக்கிற பெண் அதையும் படித்தாள். சமையலறையில் அம்மாவை நிற்கவைத்து ஒத்திகை பார்த்தாள்.

"ஹாய் சில்லே. உன் ஜாக்கெட் ரொம்ப நல்லா இருக்கு. சரியா இருக்காம்மா?"

"நல்லாத்தான்டி இருக்கு," என்றாள் டோரிட். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிசாசிடம் போய் என் பெண் ஜாக்கெட்டைப் புகழ வேண்டுமா?

புகழ்ந்தாள். அந்த வாரம் முழுக்க வகுப்பில் அத்தனை பேரும் எல்னாவின் கண்ணை முறைத்துப் பார்த்து, பல்லை இளித்து, "ஹாய் எல்னா, உன் காலுறை ரொம்ப நல்லா இருக்கு," என்றார்கள். ஹென்னிங்கின் காதில் விழுந்தது. பிள்ளைகள் இவ்வளவு அன்பாகப் பேசிக்கொள்கிறார்களே என்று அவர் சந்தோஷப்பட்டார்.

குளிர்காலம் கழிந்தபோது எல்னாவின் கணக்குத் தேர்வுத்தாள் வீட்டுக்கு வந்தது. பாதிக்கு மேல் தப்பு. டோரிட்டுக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் பெண்ணைத் தெரியும்.

"என்னடி இது? உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. வேணும்னேதான் தப்பா போட்டேன்."

"ஏன்டி?"

"நான் ரொம்பக் கெட்டிக்காரியா இருக்கறதாலதான்னு ஹென்னிங் சொன்னாரே. பழகறதையும் கத்துக்கிட்டுப் பார்த்தேன், சரியா வரல. அப்போ இதைக் குறைச்சுக்கிட்டா சரியாயிடும் இல்ல?"

ஏதோ உப்பைக் குறைத்துக்கொள்கிற மாதிரி சொன்னாள். டோரிட் தேர்வுத்தாளை மேசையில் போட்டாள். தனக்கு எந்த ஜென்மத்திலும் கிடைக்காத ஒன்றைத் தன் பெண் கையிலேயே வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதுவும் யாருக்காக? அந்தப் பல் வரிசைக்காக!

வெள்ளிக்கிழமைதோறும் வகுப்புக்கென்று ஒரு மணி நேரம் உண்டு. முறைவைத்து ஒரு பிள்ளை வீட்டிலிருந்து கேக் கொண்டுவரும். எல்லோரும் தின்றுகொண்டே, வகுப்பில் யார் யாருக்கு என்ன மனக்குறை என்று பேசுவார்கள். எல்னாவின் முறை வந்தது. டோரிட் கேக் சுட்டு, பழுப்புச் சீனியை உருக்கித் தேங்காய்த் துருவலோடு அதன்மேல் ஊற்றினாள். ஏலக்கூடத்தில் அந்தக் கேக்குக்கு அடிதடி நடக்கும். எல்னா தட்டை ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போனாள். "வேண்டாம், தேங்க்ஸ். வயிறு நிறைஞ்சிருக்கு," என்றாள் சில்லே. "வேண்டாம், தேங்க்ஸ். வயிறு நிறைஞ்சிருக்கு," என்றான் அடுத்தவன். வகுப்பு முழுக்க அதே மரியாதை, அதே வார்த்தை. கடைசியில் ஹென்னிங் மட்டும் இரண்டு துண்டு தின்றார். பிறகு, யாருக்காவது மனக்குறை உண்டா என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. எல்னாவும் தூக்கவில்லை.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்துக்கு டோரிட் வேலை உடுப்போடு நேராகப் போனாள். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். டோரிட் நின்றுகொண்டாள். அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சு வந்ததும் ஹென்னிங், "கேக் தின்னச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாதுங்களே," என்று கையை விரித்தார். பெற்றோர் குழுவின் தலைவி பேச எழுந்தாள். வேறு யார், பெர்னில்தான்.

"டோரிட், தப்பா எடுத்துக்காத. எல்னா நல்லதுக்குத்தான் சொல்றேன். அவ்வளவு புத்திசாலிப் பொண்ணு இங்க இருந்து வீணாப் போறா. பக்கத்து ஊர்ல சின்னதா ஒரு தனிப் பள்ளி இருக்கு. அங்க அவளை மாதிரிப் பிள்ளைங்க நிறைய இருக்காங்களாம்."

வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். டோரிட்டின் அடைத்த தொண்டை அன்றைக்குத்தான் திறந்தது.

"பெர்னில், என்னை மக்குன்னு ஒதுக்கின. இப்போ என் பொண்ணைக் கெட்டிக்காரின்னு ஒதுக்கறீங்க. நடுவுல எந்த அளவு உங்களுக்குச் சரிப்படும்னு சொல்லு, அடுத்ததை அளந்து பெத்துக்கறேன்!"

"நாம பழசை எல்லாம் கிளற வேண்டாமே..."

"கிளறுவேன்! இவ்வளவு பேர் இருக்கீங்க, அவ ஏன் இப்படி, அவ ஏன் அப்படின்னு நோண்டி நோண்டிப் பார்த்தீங்க. உங்க பிள்ளைங்க ஏன் இப்படின்னு ஒருத்தராவது கேட்டீங்களா? வீட்ல போய்க் கேளுங்க! சில்லேகிட்டக் கேளு! கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு!"

ஹென்னிங் உள்ளங்கையைக் காட்டி எழுந்தார். "இங்க யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். எல்லாருமா சேர்ந்து ஒரு தீர்வைப் பார்க்கலாம்."

எல்லோருமாகச் சேர்ந்து பார்த்த தீர்வு, எல்னா போவது. மறுநாள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: டோரிட் கூட்டத்தில் கத்திவிட்டாளாம். எங்கள் ஊரில் ஒரு பிள்ளையை மெல்ல மெல்லச் சாகடிக்கலாம். சத்தம் மட்டும் போடக் கூடாது. கார்ஸ்டன் கடலிலிருந்து போனில், "விட்டுடு டோரிட், பிள்ளை நிம்மதியா இருந்தாப் போதும்," என்றான். டோரிட் பல்லைக் கடித்துக்கொண்டு பெண்ணைப் பள்ளி மாற்றினாள்.

புதுப் பள்ளியில் எல்னாவுக்கு ஒரு தோழி கிடைத்தாள். எல்னா சிரிக்க வேண்டிய நேரத்தில் சிரித்தாள். இலையுதிர்காலத்தில் ஆசிரியர் தோகே, வழக்கம்போல் பிள்ளையையும் பெற்றவளையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார். இளவயசு, முகத்தில் உண்மையான அன்பு.

"எல்னாவைப் பத்திக் கவலையே வேண்டாம். எல்லாரோடும் ஒட்டிக்கிட்டா. கணக்குல கொஞ்சம் பின்தங்கியிருக்கா, அதனால என்ன? ரொம்பச் சாதாரணமான, நல்ல பொண்ணு."

எங்கள் நாட்டில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. டோரிட் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். எல்னா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கடியில் அவள் கால் அம்மாவின் பூட்ஸை அழுத்தியது. பேசாதே, பேசாதே என்று அழுத்தியது. விட்டுவிடலாம் என்றுதான் டோரிட்டுக்கும் முதலில் தோன்றியது. நிம்மதியாக இருக்கிறாளே, போதாதா? ஆனால் இன்னும் இரண்டு வருஷம் இப்படிப் போனால் நடிப்பு எது, பெண் எது என்று எல்னாவுக்கே தெரியாமல் போய்விடும்.

"அவ நடிக்கறா," என்றாள் டோரிட். "அவளுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கே வரும். பயத்துல வேணும்னே தப்பா போடறா. எங்க ஊர்ப் பள்ளியில அதைத்தான் கத்துக்கொடுத்தாங்க."

தோகே பேனாவைக் கீழே வைத்தார்.  எல்னாவின் முகம் வெளுத்துவிட்டது.

காரில் வீடு வந்து சேர்ந்தார்கள். கதவைத் திறந்ததுதான் தாமதம், பள்ளிப்பை சுவரில் போய் மோதியது.

"எல்லாத்தையும் கெடுத்துட்ட! இப்பத்தான் ஒருத்தி பக்கத்துல வந்து உட்கார்றா! உனக்கு என்ன போச்சு?"

"எனக்கு என் பொண்ணு போச்சு," என்றாள் டோரிட். "மக்காவே ஆயிடுவியோன்னு பயம்."

"நான் மக்கா? எனக்கு எல்லாம் தெரியும்! இன்னிக்கு தோகே போர்டுல போட்ட கணக்கே தப்பு, தெரியுமா உனக்கு? வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்! எப்பவும் நானேதான் மூடிக்கணுமா? நானேதான் மாறணுமா? அவங்கதானே பண்ணினாங்க! நான் ஒண்ணுமே பண்ணலம்மா! ஒண்ணுமே பண்ணல!"

ஒன்பது வருஷம் ஊர்ப் பள்ளியில் உட்கார்ந்திருந்த டோரிட்டுக்கு, 'நான் ஒண்ணுமே பண்ணல' என்ற அந்த ஒரு வாக்கியம் ஒருநாளும் வாயில் வரவில்லை. அவள் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள். "பக்கத்து வீட்டுக்குக் கேக்கற மாதிரி கத்து."

எல்னா கத்தினாள்.