மணல் கணக்கைக் கேட்கப் பெங்களூர் போனோம்

1964, மார்கழி. காலை ஆறரைக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினோம். குளிரில் பல் தந்தியடித்தது.

என் கணவர் கன்னியாகுமரிக் கரையில் கருமணலிலிருந்து மோனசைட் என்ற தாதுவைப் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறவர். அந்த மணலில் கண்ணுக்குத் தெரியாத கதிர் உண்டு. உடம்பில் எவ்வளவு படுகிறதென்று பார்க்க, ஆளுக்கொரு ஃபிலிம் வில்லை கொடுத்துச் சட்டையில் குத்தச் சொல்லியிருந்தார்கள். மாதா மாதம் அது பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். இரண்டு மாதமாக இவருடையது மட்டும் அளவுக்கு மேல் கதிர் பட்டுக் கறுத்திருந்ததாம். ஆளையே வரச் சொல்லிவிட்டார்கள். ரத்தம் கெட்டிருக்குமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன்.

ஜோகுபாளையத்தில் நாத்தனார் வீடு. மூன்று மைலுக்கு ஜட்காக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டார். ஒரு ரூபாய் என்றேன்.

"சொல்ப பாத்துக் குடும்மா, குதிரைக்கும் குளிருது" என்றார் பாதிக் கன்னடத்தில்.

குதிரைக்காக ஒன்றே கால் கொடுத்தேன். அல்சூர் ஏரிமேல் பனி அழகாகத்தான் இருந்தது. எனக்கிருந்த கவலையில் யாருக்கு வேண்டும் அழகு?

பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடம். ரத்தம் எடுத்துக்கொண்டு இரண்டு மணிவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு கூப்பிட்டவர் காக்ஸ் டவுன்காரர், ஸ்டெல்லா என்று பெயர், நம் தமிழ்தான்.

"ரத்தம் நல்லாயிருக்கு. கூட வேலை செய்றவங்க ஃபிலிம் எல்லாம் சரியா இருக்கு. உங்களுது மட்டும் ஏன் இப்படி? டியூட்டில எங்க குத்துவீங்க?"

"டூட்டிக்குக் கொண்டு போவ மாட்டேன் அம்மா" என்றார் இவர். "வேர்வையில நனஞ்சா கெட்டுப்போவும். வீட்டுல பிள்ளைக்க தொட்டில் பக்கம் ஆணியில பத்திரமா மாட்டியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷனை என்ன செய்வது! ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"வீட்டுத் தரை என்ன தரை?"

"கொட்டகையில மிஞ்சின கருமணலுதான். பிள்ளை தவழத் தொடங்கினான், விழுந்தா அடிபடாம இருக்கட்டுமிண்ணு ரெண்டு மாசம் முன்னால கனமா விரிச்சேன். எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் விரிப்பாவ."

அந்த அம்மா என் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தார். "அப்ப ரெண்டு மாசமா இது குழந்தை மேல படறதைத்தான் அளந்திருக்கு."

"கூடுதலா பட்டிருக்குமா அம்மா?" என்றேன்.

"வேலை செய்ற ஆளுக்கு இவ்வளவுதான்னு வரம்பு இருக்கும்மா. கைக்குழந்தைக்கு, வீட்டுத் தரைக்கு எங்க ரூல்ஸ்ல ஒண்ணும் இல்ல. மொதல்ல அந்த மண்ணை வாரிடுங்க."

தபாலாபீசில் நின்று, தரை மண்ணை வாரச் சொல்லி ஊரிலிருக்கும் தம்பிக்கு இவர் தந்தி அடித்தார். மண்ணை எங்கே கொட்டச் சொல்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. எங்கள் கரை முழுக்க அந்த மண்தான்.

மாலை ஐந்தரைக்கு ஜோகுபாளையம் திரும்பினோம். நாத்தனார் வீட்டுச் சிமெண்டுத் தரை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. குழந்தையை இறக்கி விட்டேன். நாலடி தவழ்ந்து குப்புற விழுந்து, நெற்றி சிவந்து வீறிட்டான்.

"மெத்துன்னு ஏதாச்சும் விரிக்கட்டுமா அண்ணி?" என்று நாத்தனார் ஓடி வந்தாள்.

"வேண்டாம்" என்றேன்.