ஆற்றுப் பெட்டிக்குப் பூசிய சந்தனம்

கரையில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரி இருந்தாள். பக்கத்துத் தோட்டத்து மச்சான் இருந்தார். காலேஜிலிருந்து வந்து பெட்டி நட்ட பெண் போனில் இருந்தாள். ஆற்றுக்குள், இரும்புக் கம்பத்தில், அந்தப் பெட்டி.

கீழே தண்ணீரில் ஒரு கருவி தொங்கும். உப்பை அளக்கும். பெட்டி அதைக் கம்பியில்லாமல் என் போனுக்கு அனுப்பும். மணிக்கொரு எண். ஆயிரத்து இருநூறைத் தாண்டினால் மோட்டார் போடக் கூடாது. ஆற்றில் மேலே எவனாவது ஆலைக் கழிவைத் திறந்துவிட்டால் எண் ஏறிவிடும். போன வருஷம் பெட்டி இல்லை. தெரியாமல் பாய்ச்சினோம். மல்லிகை முழுக்க இலை கருகியது. பிடுங்கிப் போட்டோம்.

இது புதுப் பதியன். மூன்று நாளாகத் தண்ணீர் விடவில்லை. வாடிக் கிடந்தது. மூன்று நாளாக எண்ணும் வரவில்லை. ஒரு மணிக்குக் கரண்டு போய்விடும். வரப்புக்கும் கரைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார முடியவில்லை.

மச்சான் ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. போடுங்க மாப்ள மோட்டார."

"போன வருசமும் இதே நாக்குதாண்ணே சொல்லுச்சு," என்றாள் என் வீட்டுக்காரி.

"அது போன வருசத்து நாக்கு, தாயி."

போனில் அந்தப் பெண் கேட்டாள். "அண்ணே, மேல கண்ணாடித் தட்டுல வெயில் படுதா? எதுவும் மூடியிருக்கா?"

"ஒண்ணும் மூடலம்மா. ஆயுத பூசைக்கு மோட்டாருக்குப் பூசுன மாதிரி அதுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வச்சோம். அம்புட்டுத்தான்."



"எம்புட்டுச் சந்தனம்ணே?"

என் வீட்டுக்காரி போனை வாங்கினாள். "தட்டு பூராத்துக்கும்தான். கொறச்சு வச்சா நல்லாவா இருக்கும்?"

"வெயில்தான்க்கா அதுக்குச் சோறு. தொடச்சு விடுங்க, வெயில் ஏறுனதும் எண் வந்துரும்."

மச்சான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. துண்டை நனைத்துத் தேய்த்தேன். நகத்தால் சுரண்டினேன். தட்டு கறுப்பாகத் தெரிந்தது.

கரையேறி வீட்டுக்காரியிடம் போனை வாங்கிக்கொண்டேன். அவள் மோட்டார் ரூமுக்கு ஓடினாள்.

"வந்துருச்சா மாப்ள?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல மச்சான்."

"மணி பன்னெண்டே முக்கா."

"தெரியும்."

மறுபடி நடந்தேன். ஈர வேட்டி காலில் ஒட்டியது. போன் அதிர்ந்தது. விரல் ஈரம், திரை நகரவில்லை. சட்டையில் துடைத்தேன்.

"எம்புட்டுங்கிறேன்!" ஸ்டார்ட்டரில் கையை வைத்துக்கொண்டு அவள் கத்தினாள்.

ஆயிரத்து நூற்று எண்பது.