வலையோரத்தில் கொகோத்தே

நடு ஆப்பிரிக்காவில் லொபாயே ஆற்றுக்குத் தெற்கேயுள்ள காட்டில் கொகோத்தேயின் குரலை அறியாதவர் கிடையாது. வலை வேட்டை நாட்களில் ஆணும் பெண்ணுமாகக் கொடிநார் வலைகளைப் பிறைபோல வளைத்துக் கட்டுவார்கள். பாதிப் பேர் எதிர்ப்புறம் போய்க் கூச்சலிட்டுப் புதர்களை அடித்துக்கொண்டு வருவார்கள். மிச்சப் பேர் வலையோரம் மறைந்திருந்து, சிக்குகிற மானைப் பிடிப்பார்கள். கொகோத்தே எப்போதும் கூச்சல் பக்கம்தான். அவள் வாயைத் திறந்தாலே மான்கள் தாமாக வலையைத் தேடி ஓடும் என்று கேலி செய்வார்கள்.

மகள் எம்பெலே பிறந்த பிறகும் அவள் ஓயவில்லை. பிள்ளையை விலாவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடினாள். அம்மாவின் விலா அதிர அதிரத்தான் அந்தக் குழந்தைக்கு வேட்டை அறிமுகமானது. கால் முளைத்ததும் கூடவே ஓடித் தானும் கத்தியது. ஒரு நாள் கறி கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. இருவரும் சிரித்துக்கொண்டேதான் திரும்புவார்கள்.

போன மழைக்காலத்தில் கொகோத்தேவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறியது. கணவன் மொலேபோ அவளை முதுகில் சுமந்துபோய் ஆற்றோர ஊரின் மருத்துவமனையில் சேர்த்தான். பசீலியா என்ற தாதி பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊட்டிப் பிழைக்க வைத்தாள். உயிர் திரும்பியது, குரல் திரும்பவில்லை. பேசினால் வெறும் காற்றுதான் வந்தது.

குடிசைக்கு வந்தபின் அவள் வேட்டைக்குப் போகவில்லை. மரவள்ளி உரித்துக்கொண்டு கிடந்தாள். ஒரு காலை எம்பெலே அம்மாவின் கூடையை எடுத்து வந்து எதிரே நின்றாள்.

"நான் வந்து என்னடி பண்ணப் போறேன்? கத்தக்கூட முடியாதே." கொகோத்தே காற்றாகக் கிசுகிசுத்தாள்.

"கத்த வேணாம்மா. வலைகிட்ட உக்காருவோம். நானும் உன்கூட இருக்கேன்."

மொலேபோ வலையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்து நின்றான். கொகோத்தே எழுந்தாள்.

பெரிய மரத்தின் பலகைபோல் அகன்ற வேருக்குப் பின்னால் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். இருவருக்குமே அந்த இடம் புதிது. எம்பெலேயால் வாயை மூட முடியவில்லை. எறும்பு கடிக்குது என்றாள், அப்பா எங்கே இருப்பார் என்றாள். கொகோத்தே அவள் வாயைப் பொத்தினாள். தூரத்தில் கூச்சல் எழுந்து நெருங்கியது. இலைகள் சலசலத்தன. ஆட்டுக்குட்டி அளவுள்ள சாம்பல்நிற மான் ஒன்று பாய்ந்து வந்து வலையில் மோதியது.

இத்தனை வருடம் விரட்டியவள், ஒரு மான் வலையில் விழுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தாள். ஒரு கணம் அசையவே மறந்தாள். பிறகு தாவி அமுக்கினாள். நோயில் இளைத்த கைகள் நழுவின. எம்பெலே குப்புற விழுந்து பின்னங்கால்களைக் கட்டிப்பிடித்தாள். உதை வாங்கி மூக்கில் ரத்தம் வந்தது, பிடியை விடவில்லை. மொலேபோ ஓடிவந்து வேலையை முடித்தபோது தாயும் மகளும் மண்ணில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொகோத்தேயின் சிரிப்பில் சத்தமே இல்லை, கண்ணீர் மட்டும் வழிந்தது.

கூச்சல் போட்டு வந்தவர்களில் ஒருத்தியான ந்தோக்கோ இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏ கொகோத்தே, உன் வாயை அடைச்ச பிறகுதான் மான் உன்கிட்டயே வருது. அந்த ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ஒரு தொடை கொடுத்தனுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். கொகோத்தே அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கறி பங்கு போட்டபோது மகள் காதில் ஏதோ சொன்னாள். எம்பெலே தன் பங்குக்கு வந்த தொடையைப் புகையில் போட்டுக் காயவைத்தாள். உப்பு வாங்க ஆற்றோர ஊருக்குப் போன மொலேபோ அதை இலையில் சுற்றி பசீலியாவிடம் சேர்த்தான். அவள் வாங்கி முகர்ந்து பார்த்து, யார் பிடித்தது என்று கேட்டாளாம். அம்மாவும் மகளும் ரெண்டு பேரும்தான் என்று சொல்லிவிட்டு வந்தான்.

குரல் பிறகு பாதிதான் திரும்பியது. அதைப் பற்றி கொகோத்தே குறைப்பட்டுக்கொண்டதில்லை. வேட்டைக்குக் கிளம்பும் காலைகளில், எல்லாம் தருகிற காட்டைப் பார்த்து அந்தப் பாதிக் குரலிலேயே நன்றி சொல்லிவிட்டு, மகளோடு வலையோரம் போய் உட்கார்ந்துகொள்வாள்.