பூச்சிமருந்து நெடியில் பதிந்த ஐந்து பாட்டுகள்

போன வாரம் முனிராஜ் வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு அனுப்பினான். கூடவே ஒரு குரல் செய்தி: "மச்சி, நம்ம பழைய கேசட்ட நெட்ல ஏத்திட்டேன். கீழ என்னென்னவோ எழுதிகினு இருக்கானுங்க, படிச்சுப் பாரு."

கம்பெனி பஸ் ஓசூர் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. காதில் மாட்டிக்கொண்டு அழுத்தினேன். முதலில் பாட்டு வரவில்லை. 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல் மட்டும். அந்தச் சத்தத்துக்கே மூக்கில் பூச்சிமருந்து நெடி ஏறிவிட்டது. காதால் கேட்டதற்கு மூக்கு பதில் சொல்கிற வயது எனக்கு வந்துவிட்டது போல.

அது முப்பது வருஷத்துக்கு முன் பாகலூர் ரோட்டில், முனிராஜின் மாமா போட்டிருந்த ரோஜா கூடாரத்தின் நெடி. பிளாஸ்டிக் கூரை, உள்ளே வரிசை வரிசையாகச் செடிகள், மேலே குழாய்களில் சீறிக்கொண்டே இருக்கும் தண்ணீர்ப் புகை. நாங்கள் மூன்று பேரும் ஒரே உதிரிபாகத் தொழிற்சாலையில் செகண்ட் ஷிஃப்ட். அதனால் காலை நேரம் எங்களுடையது. முனிராஜ் அங்கே எலக்ட்ரீஷியன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும் கலந்து. பெங்களூரில் பழைய கிடார் ஒன்றும், காலால் மிதித்தால் ஓசையைக் குழைத்து அலையலையாகத் திருப்பி அனுப்பும் பெட்டி ஒன்றும் வாங்கி வந்திருந்தான். பாடுவது பிரஸ் மெஷின் ஓட்டுகிற இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கம். பாட்டு எழுதுவதும் அவன்தான். நான் நாமக்கல்காரன், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு; அளந்து பார்த்துக் கழித்துப் போடுவது வேலை. குழுவில் தாளமும் நானே, காலி மருந்து டிரம்மைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு. தாளம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

"ஏல, மருந்து நெடி தொண்டையப் பிடுங்குது, கதவத் தொறங்கல" என்று இசக்கி கெஞ்சுவான். கதவைத் திறந்தால் ஈரம் போய்விடும், மாமா கத்துவார். ரோஜாவின் உடல்நலம் கருதி அவன் இருமிக்கொண்டே பாடினான்.

இப்போது ரசிகர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஒருவர் எழுதுகிறார்: 'பின்னணியில் இடைவிடாமல் ஒலிப்பது ஆலை முதலாளித்துவத்தின் மூச்சு.' ஐயா, அது ரோஜாவுக்கு அடித்த தண்ணீர். இன்னொருவர்: 'இது நள்ளிரவின் இசை. போதை இல்லாமல் இப்படிப் பாட முடியாது.' காலை பத்தரை மணி, வயிற்றில் மெஸ் பொங்கல். போதை என்று பார்த்தால் அது ஒன்றுதான். 'குரலின் சுருதியை மனித எல்லைக்கு மேலே தூக்கியிருக்கும் துணிச்சல்' என்று ஒருவர் உருகியிருந்தார். டேப்ரிக்கார்டரில் பேட்டரி சாகக் கிடந்தது. மெதுவாகப் பதிந்தது நல்ல பேட்டரியில் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான். டிரம்மர் வேண்டுமென்றே அரைக்கணம் தாமதித்து அடிப்பதாக ஒருவர் எழுதியிருந்ததை மட்டும் நான் மறுக்கப்போவதில்லை. முப்பது வருஷத்தில் என்னைப் பாராட்டிய ஒரே ஆள்.

எல்லோரும் விடாமல் சொல்கிற வார்த்தை 'ரா'. பச்சையாக இருக்கிறதாம், அதுதான் அழகாம். ஓசூர்ப் பக்கத்து மாங்காய் வியாபாரிகள் இவர்களைக் கும்பிடலாம்.

அன்றைக்கு இதே பச்சையைக் கேட்டவர்களும் உண்டு. ஆயுத பூஜையன்று தொழிற்சாலையில் மேடை கிடைத்தது. இரண்டாவது பாட்டு பாதியில் கேன்டீன்காரர் ஓடிவந்தார். "தம்பி, எங்கியோ ஒயரு லூசா கீது போல. நிறுத்திட்டுப் பாருங்க." நிறுத்தினோம். அதற்குத்தான் கைதட்டல் விழுந்தது.

அந்தக் கைதட்டல் முனிராஜை உறுத்தியது. சுத்தமாகப் பதிவு செய்தால் மதிப்பார்கள் என்று பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தான். மூன்று பேரும் லீவு போட்டுப் போனோம். இசக்கி கண்ணாடி அறைக்குள் நின்று ஒரு பாட்டைப் பாடி முடித்தான். ஒலிப்பதிவுக்காரர் முனிராஜ் பக்கம் திரும்பி, "ஈ வாய்ஸ் பேடா சார்" என்றார். வேறு ஒரு பாடகர் கைவசம் இருக்கிறாராம். முனிராஜ் என்னைப் பார்த்தான். கழித்துப் போடுவது என் தொழில், தலையாட்டினேன். கண்ணாடி அறைக்குள் கேட்கும் எங்கள் பக்கத்து மைக் திறந்தே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஓசூரில் மூன்று வருஷம் இருந்தவனுக்கு, கன்னடத்தில் 'பேடா' என்றால் வேண்டாம் என்பது புரியாதா?

இசக்கி வெளியே வந்தான். "அவரு சொல்லுதது சரிதாம்ல. நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்றான். வரவில்லை. மறுநாள் ஷிஃப்ட்டுக்கு வந்தான். கேன்டீனில் வேறு மேஜையில் உட்கார்ந்தான். இரண்டு மாதம் கழித்துக் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

வேறு பாடகரை வைத்து முடித்த அந்த ஸ்டுடியோ பாட்டுகளையும் முனிராஜ் ஏற்றியிருக்கிறான். கீழே ஒரே ஒரு கருத்து: 'பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது போடலாம்.' பழைய கேசட்டுக்குக் கீழேயோ, பாடியவர் யார், எங்கே இருக்கிறார் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். முனிராஜ் பதில் போடவில்லை. ஊர்க்காரர் ஒருவர் மூலம் நான்தான் நம்பரைத் தேடிப் பிடித்தேன்.

இசக்கி இப்போது சங்கரன்கோவில் பக்கம் சொந்த டெம்போ ஓட்டுகிறான். "யாரு, ஓசூரா? நல்லாருக்கியால?" என்றான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி. கருத்துகளைப் படித்துக் காட்டினேன். மூன்றாவது பாட்டில் குரல் உடைகிற இடத்தில் ஒருவர் அழுதுவிட்டாராம் என்றதும் சிரித்தான். "நான் இருமுனதுக்கு அவன் அழுதானாக்கும்!" நானும் சிரித்தேன். மேம்பாலத்துக்குக் கீழே எனக்கும் அந்த இடத்தில் கண் கலங்கியதைச் சொல்லவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கேட்டான்: "வார்த்தையப் பத்தி எவனும் எழுதிருக்கானா?"

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒருவரும் எழுதவில்லை. எழுத முடியாது, வார்த்தை ஒன்றுகூடப் புரிவதில்லை. "மூணாவது பாட்டுல என்னடா வரும்?" என்று அவனிடமே கேட்டேன்.

"எங்கம்மைக்கு முடியலன்னு லெட்டர் வந்த அன்னைக்கு எழுதினது. ஒரு வரியும் ஞாபகம் இல்லல. தாளு எங்க போச்சோ. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான இருந்திய?"

இருந்தோம். முனிராஜ் பெட்டியை மிதித்துக்கொண்டிருந்தான். நான் அரைக்கணம் தாமதித்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்குப் பின் அந்தக் கூடாரத்தைப் பிரித்து, மண்ணை நிரவி, மனைகளாக்கி விற்றவன் முனிராஜேதான். அங்கே இப்போது மாடி வீடுகள், வாசலுக்கு வாசல் கேமரா. அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த மூன்றாவது பாட்டைப் பிறகும் பலமுறை கேட்டேன். ஒரு இடத்தில் 'ஆத்து' என்கிறானா, 'ஆத்தா' என்கிறானா, பிடிபடவில்லை. எழுதியவனுக்கும் தெரியாமல் அந்தப் பாட்டு போய்விட்டது.

அவன் அம்மாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை. இந்த முறையும், போனை வைத்த பிறகுதான் எனக்கு அது தோன்றியது.