திங்கட்கிழமை வரை

அந்தக் கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. நீல நிற இன்லேண்டு லெட்டர். வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு, "தம்பி, உன் ஜோடிக்கு லெட்டர் வந்துகீது" என்று குரல் கொடுத்தார். என்னோடு அறையில் தங்கியிருந்தவன் அப்போது குளித்துக்கொண்டிருந்தான். நான்தான் இறங்கிப் போய் வாங்கினேன். வாங்கி, என் பெட்டியில் மடித்த சட்டைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்தொரு வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் மலேசியாவில், கிள்ளான் பக்கம். அப்பா லாரி ஓட்டினார். என் பதின்மூன்றாம் வயதில் அம்மாவும் நானும் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தோம். அப்பா சேரவில்லை, தடுக்கவுமில்லை. எங்கள் சபையில் பையன்கள் இரண்டு வருடம் வீட்டை விட்டு, மதம் பரப்பும் ஊழியத்துக்குப் போவது வழக்கம். எந்த நாடு என்று நாம் சொல்ல முடியாது. சபைத் தலைமையிடமிருந்து உறை வரும், பிரித்தால் தெரியும். என் உறையில் இந்தியா என்றிருந்தது. அப்பா அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். "என் தாத்தா அந்த ஊரே வேணாம்னு கப்பல் ஏறினாரு. நீ பிளேன் ஏறி அங்கேயே போறியா?" என்றார். விமான நிலையத்துக்கு மட்டும் வரவில்லை.

அம்பத்தூரில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள். அவர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். ஆறரைக்கு எழுந்து, ஜெபித்து, இரண்டு மணி நேரம் வேதம் படித்து, வெள்ளைச் சட்டையும் டையும் போட்டு, கறுப்புப் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு கிளம்புவோம். எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும்; கூட வருகிறவனை ஜோடி என்போம். ஒருவர் கண்ணில் இன்னொருவர் படாமல் இருக்கக் கூடாது. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, 'எல்டர்' என்றுதான் அழைக்க வேண்டும். "எல்டர்னா இன்னா, பெரியவரா?" என்று கேட்ட வீட்டுக்கார அம்மா, "மீசையே ஒயுங்கா மொளைக்கல, அதுக்குள்ள பெரியவரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்ட இங்கே எங்களுக்கு அனுமதி இல்லை. சபை உறுப்பினர்கள் யாராவது அறிமுகப்படுத்தினால் அந்த வீட்டுக்கு மட்டும் போவோம். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இரண்டு குடும்பங்கள் அப்படிக் கிடைத்தன. போனவுடன் டீ வரும். நாங்கள் டீயோ காபியோ குடிக்க மாட்டோம். தம்ளரை வாங்காமல் கும்பிட்டுத் தண்ணீர் கேட்கும்போது அந்த வீட்டுப் பெண்களின் முகம் சுருங்குவதைத் தினமும் பார்த்தேன். என் தமிழும் உதவவில்லை. காலையில் ஒருவரைப் பார்த்தால் எங்கள் ஊர் வழக்கப்படி "பசியாறிட்டீங்களா?" என்பேன். சாலையைச் 'சடக்கு' என்பேன். எதிரில் இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க சிலோனா?" என்று கேட்பார். தாத்தாவின் தாத்தா பேசிய மொழி பேசும் ஊரில் நான் வெளிநாட்டுக்காரனாக இருந்தேன்.

என் ஜோடி எனக்கு இரண்டு வயது இளையவன். ராஜமுந்திரிப் பக்கத்துத் தெலுங்குப் பையன். தமிழை ஏழு மாதத்தில் கற்றிருந்தான். சொன்னதைச் செய்வான். அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் அவனை வளர்த்தாள் என்று ஒருமுறை சொல்லியிருந்தான். அவனுக்கு நான் சீனியர். எங்கள் அறையில் நான் வைத்ததுதான் சட்டம். அதில் ஒரு சட்டம், வீட்டுக் கடிதங்களைத் திங்கட்கிழமை மட்டும் பிரிக்க வேண்டும் என்பது. திங்கட்கிழமை எங்களுக்குத் துணி துவைக்கிற, கடிதம் எழுதுகிற நாள். சபையில் யாரும் அப்படி விதி போடவில்லை, போட்டவன் நான். முன்பு எனக்கு ஜோடியாக இருந்த ஒருவன் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்து மூன்று நாள் அழுதான், நான்காம் நாள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அவனை நான் இழந்துவிட்டதாகவே நினைத்தேன். இன்னொருவனை இழக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

வியாழக்கிழமை அவன் கேட்டான். "எல்டர், எனக்கு லெட்டர் வந்துச்சா? கீழே அம்மா சொன்னாங்க."

"வந்திருக்கு. திங்கட்கிழமை தரேன்."

சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலையாட்டிவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தான். பார், எவ்வளவு நல்ல எல்டராகிவிட்டான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை காலை கடிதத்தைக் கொடுத்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தான். தெலுங்கு எழுத்து, எனக்கு ஒன்றும் புரியாது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்த் துணி துவைத்தான். என் சட்டைகளையும் சேர்த்துத் துவைத்தான்.

"வீட்டுல எல்லாரும் நல்லாயிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்காங்க எல்டர்."

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா என்னைத் தனியாக நிறுத்தினார். "இன்னா தம்பி, அந்தப் புள்ள மூஞ்சி செத்துப் போய்க் கீது? சோறு குடுத்தா வேணான்றான். ஊட்டுல எதுனா ஆயிப்போச்சா?"

"ஒண்ணுமில்லைங்கம்மா. கொஞ்சம் களைப்பு."

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"ஒயுங்கா கேளு" என்றார். நான் கேட்கவில்லை. அன்றைக்கு எங்கள் ஊழியத் தலைவருக்கு எழுதிய வாரக் கடிதத்தில், நாங்கள் இருவரும் நலம், மனமொத்து உழைக்கிறோம் என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை அம்பத்தூரில் ரயில் ஏறினோம். ஆவடியில் இறங்க வேண்டும். கூட்டம் நெருக்கியது. ஆவடி வந்ததும் நான் முண்டியடித்து இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அவன் வாசற்கம்பியைப் பிடித்தபடி வண்டியிலேயே நின்றிருந்தான். "எல்டர், இறங்குங்க!" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை, யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வண்டி நகர்ந்தது. இரண்டு பெட்டி தூரம் கூடவே ஓடிவிட்டு நின்றேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பதினான்கு மாதத்தில் முதல் முறையாகத் தனியாக நின்றேன். முதலில் வந்தது பயம் இல்லை. தோளிலிருந்து ஏதோ இறங்கியதுபோல ஒரு லேசு. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதை அனுபவித்தேன் என்றே சொல்லலாம். பிறகுதான் அவன் முகம் திரும்ப வந்தது. தண்டவாளத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அடுத்த திருவள்ளூர் வண்டியில் ஏறி வாசலில் தொங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் போல.

"இன்னா அண்ணாத்தே, யாரத் தேடிகினு கீறே?"

"கூட வந்தவரை. ஆவடியில இறங்காம போயிட்டாரு."

"தூங்கிட்டானா?"

"இல்லை. முழிச்சிட்டுத்தான் இருந்தாரு."

அவர் என் டையையும் பட்டையையும் பார்த்தார். "அப்போ நீ இன்னாவோ பண்ணிகீறே" என்றார். திருநின்றவூர் தாண்டியதும் அவரும் என்னோடு சேர்ந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார். வேப்பம்பட்டில் வண்டி வேகம் குறைந்தபோது அவர்தான் முதலில் கண்டார். "தோ, உன்னாட்டமே வெள்ளச் சட்ட!"

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு எஸ்.டி.டி. பூத். அதன் வாசலில் இருந்த மர பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். பெயர்ப்பட்டையைக் கழற்றியிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவதற்கு வாயில் வந்ததெல்லாம் அவனைப் பார்த்ததும் போய்விட்டது.

"போன் பண்ணேன் எல்டர்" என்றான். "நாலு தடவை. லைன் கிடைக்கலை. அஞ்சாவது தடவை கிடைச்சுது."

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டு மாஸ்டருக்கு. அக்கா போயிட்டா."

"எங்க போயிட்டாங்க?"

"மாமா வீட்டுக்கு. கல்யாணம் ஆயிருச்சு. ஞாயித்துக்கிழமை." அவன் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மடியில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தான். "மாப்பிள்ளை வீட்ல அவசரப்படுத்தினாங்களாம். நீ வர முடியாதுன்னு தெரியும், சனிக்கிழமை ஆறு மணிக்கு மாஸ்டர் வீட்டுக்குப் போன் பண்ணு, நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்னு எழுதியிருக்கா. உன் குரல் கேட்டுட்டுப் போறேன்னு. எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாளாம். இப்போ போன வீட்ல போன் இல்லை."

சனிக்கிழமை ஆறு மணிக்கு நாங்கள் குமணன்சாவடியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். எங்களுக்குப் பின்னால் வரிசையாகக் கடைகள். அதில் ஒன்று டெலிபோன் பூத். கடிதத்தைப் படித்துவிட்டு அவன் கேட்டிருந்தால், வீட்டுக்குப் போன் பேசக் கூடாது என்ற விதியை மீறி அனுமதித்திருப்பேனா? அனுமதித்திருப்பேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

"நீங்க ஏன் நேத்தே சொல்லலை?" என்று கேட்டேன். கேட்டவுடனேயே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது.

அவன் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். "சொன்னா என்ன பண்ணுவீங்க? ஜெபம் பண்ணலாம்னு சொல்வீங்க."

"தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்க."

"சரி எல்டர்" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. லெட்டரை மடித்தான். "நான் ஓடிப் போகலை. அங்க உங்க பக்கத்துல நின்னு போன் பண்ணப் பிடிக்கலை. அவ்வளவுதான்."

திரும்பும் வண்டியில் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். வெயில் ஏறியிருந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்துத் திரும்பக் குத்திக்கொண்டான். ஆவடியில் இறங்கிக் குடியிருப்பு வீட்டுக்குப் போனோம். இரண்டு மணி நேரம் தாமதம். அந்த வீட்டு அக்கா வெள்ளிக்கிழமைதோறும் திருவேற்காடு கோயிலுக்குப் போகிறவர், கணவருக்காக எங்களைப் பொறுத்துக்கொண்டவர். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அன்று பாடம் எதுவும் வேண்டாம் என்றார். சோறு போட்டார். அவன் சாப்பிட்டான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், என் தட்டில் கை வைக்க முடியவில்லை.

அன்று மாலை தலைவருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். நடந்ததை எழுதி, என்னைச் சீனியர் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் அன்பாகப் பதில் போட்டார். உன் தவறை உணர்ந்ததே போதும், தொடர்ந்து செய் என்று. எனக்குத் தண்டனை தேவைப்பட்டது, ஆறுதல் கிடைத்தது. அது எனக்கு ஒட்டவே இல்லை.

மேலும் ஐந்து வாரம் அந்த அறையில் ஒன்றாக இருந்தோம். அவன் ஒரு வேலையும் குறை வைக்கவில்லை. காலையில் எனக்கு முன்பே எழுந்தான். ஜெபத்தில் முழங்கால் போட்டான். ஆனால் நான் ஜெபம் சொல்லும்போது அவன் கண்ணை மூடுவதில்லை என்பதை ஒருநாள் நான் கண் திறந்தபோது பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அதன்பின் அவன் முன்னால் சத்தமாக ஜெபம் சொல்லத் தடுமாறினேன். கடிதங்கள் வந்தால் கீழே போய் அவனே வாங்கிக்கொண்டான். பிறகு அவனுக்கு வேறு ஊர் மாற்றல் வந்தது. பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டுக் கை குலுக்கினோம். வீட்டுக்கார அம்மா அவன் கையில் ஒரு டிபன் பாக்ஸைத் திணித்து, "போற ஊர்லயாச்சும் நல்லா துன்னு, நைனா" என்றார். அவன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

இரண்டு வருடம் முடித்துக் கிள்ளான் திரும்பினேன். சபையில் எல்லாரும் கை கொடுத்தார்கள். அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். ஆவடியைப் பற்றி, டீ மறுத்ததைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார்கள். இந்தக் கதையை எவரிடமும் சொல்லவில்லை. சில வருடம் கழித்துக் கோயிலுக்கும் சபைக்கும் போகாத அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருக்கப் பழகிவிட்டேன். அதற்கு இது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய்யாகும்.

அவன் ஊர் விலாசத்தைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் எழுதினேன். அக்காவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கும்படி அதில் கேட்டிருந்தேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது, தமிழில், எழுத்துப் பிழைகளோடு. அக்காவுக்கு இரண்டு குழந்தைகள், நன்றாக இருக்கிறாள். அவன் பாலிடெக்னிக் முடித்து வேலையில் இருக்கிறான். கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: "அந்த லெட்டர் தபாலில் லேட் ஆனதா அக்காகிட்ட சொல்லியிருக்கேன். அவள் இன்னைக்கும் தபால்காரரைத் திட்டுறாள். அப்படியே இருக்கட்டும் எல்டர். நீங்க எழுத வேண்டாம்."

நான் எழுதவில்லை.