எஸ்தர் அறுக்காத ஷூ

பெருங்களத்தூர் சிக்னலில் பச்சை விழுந்தும் நகராத ஒரு லாரியைத் திட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எஸ்தரின் கணவர். "பாஸ்கர், எஸ்தர் போயிட்டா" என்றார். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி வாசல்வரைகூடப் போய்ச் சேரவில்லையாம். நான் திட்டுவதை நிறுத்தினேன். லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் குடோன் ஆட்கள். மீதிப்பேரில் ஒருவர், "பாவம், ஏதோ ஷூ கம்பெனில ஆபீசரா இருந்தாங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ ஷூ கம்பெனியாம்! அங்கே சண்டை போட முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாம்பரத்தில் இருக்கும் எங்கள் கம்பெனி, விரல் நசுங்காமல் இருக்க முனையில் இரும்புக் கவசம் வைத்த ஷூக்களை வெளிநாட்டிலிருந்து இறக்கிக் கட்டடப் பணிகளுக்கு விற்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் அவை நாட்டுக்குள் வரக்கூடாது என்பது சட்டம். முத்திரை குத்தும் உரிமம் ஷூ செய்யும் தொழிற்சாலைக்கு. அதுவும் அதிகாரிகள் நேரில் பார்த்துச் சோதித்த அந்த ஓர் இடத்துக்கு மட்டும். அதைச் சரிபார்ப்பது எஸ்தரின் வேலை. துறைமுகத்தில் சரக்கை வெளியே எடுப்பது என் வேலை. அவர் 'கூடாது' என்பவர், நான் 'ஆகட்டும் பார்க்கலாம்' என்பவன். நாங்கள் சண்டை போடாத வாரம் இருந்ததா என்று குடோனில் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு சரக்கிலும் ஒரு ஜோடியை எடுத்து, அதில் ஒன்றை ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்ப்பார். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு அவரே அறுப்பார். லோடு இறக்குபவர்கள் அவருக்குக் கறிக்கடை அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்த அன்று, ரம்பத்தைக் கீழே வைக்காமலே, "எலும்போடவா, எலும்பில்லாமயா?" என்று கேட்டார். மிஞ்சும் ஒற்றை ஷூக்களில் பேனாவும் சாவியும் கிடக்கும். ஒன்றில் பூனைகூடக் குட்டி போட்டது.

பொத்தேரி சரக்கு விஷயம் குடோனிலேயே பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அங்கே ஒரு பெரிய மாணவர் விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் எங்களிடம் கேட்டதுபோல் பெரிய ஆர்டர் அதுவரை வந்ததில்லை. அது கைநழுவினால் கம்பெனியையே மூட வேண்டியிருக்கும் என்று முதலாளி வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். கப்பல் கிளம்பிவிட்டது. முன்னதாகக் கூரியரில் வந்த மாதிரி ஜோடியைப் புரட்டிப் பார்த்த எஸ்தருக்கு, சோல் ஒட்டிய விதம் வழக்கம்போல் இல்லையென்று பட்டது. தொழிற்சாலைக்கு வீடியோ கால் போட்டு, ஒட்டும் இடத்தைக் காட்டச் சொன்னார். அங்கிருந்த மேலாளர் போனைப் பிடித்தபடியே கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். ஒரு பஸ் போகட்டும் என்று நின்றார். பிறகு எதிர்ப்பக்கக் கட்டடத்துக்குள் நுழைந்து, பெருமையாகச் சுற்றிக் காட்டினார். புது ஷெட்டாம். எங்கள் சரக்கு முழுக்க அங்கேதான் செய்ததாம்.

எஸ்தர் என் பக்கம் திரும்பினார். "ரோட்ட கிராஸ் பண்ணிட்டாரு பாஸ்கர்."

உரிமம் சாலைக்கு இந்தப் பக்கம், ஷூ அந்தப் பக்கம். அந்த மனிதருக்கு அது தப்பென்றே தோன்றவில்லை. வழியில் ஒரு துறைமுகத்தில் கண்டெய்னர் வேறு கப்பலுக்கு மாறும். அங்கே நிறுத்தித் திருப்ப வேண்டுமானால் அன்று சாயங்காலத்துக்குள் மெயில் போக வேண்டும்.

முதலாளி கெட்டவரில்லை. அன்று அவர் கத்தியதில் நியாயமும் இருந்தது. அதே கம்பெனி, அதே மெஷின், முத்திரையும் ஷூவிலேயே இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்றார். என்னையும் கேட்டார். துறைமுகத்தில் அது தாண்டிவிடும் என்பதுதான் உண்மை; அதையே சொன்னேன். எஸ்தர் என்னை முறைக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஷூவ அறுத்துப் பாருங்க. கவசம் நல்லாதான் இருக்கும்" என்றார் முதலாளி.

"இது நல்லாதான் சார் இருக்கும். நமக்குன்னு பொறுக்கி அனுப்புனது."

"அப்புறம் என்ன பயம்?"

"பயம் இல்லன்னா போட்டுக்கோங்க சார்."

முதலாளியும் வீம்புக்கு வலது காலில் போட்டுக்கொண்டார். எஸ்தர் மூலையில் கிடந்த எடைக்கல்லைத் தூக்கி வந்தார். இரண்டு கையாலும் நெஞ்சுவரை உயர்த்தி, அவர் கால்முனைக்கு நேராகப் பிடித்தார். போட்டுவிடுவாரோ என்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

முதலாளி காலை இழுத்துக்கொண்டார்.

எஸ்தர் கல்லை மெதுவாகக் கீழே வைத்தார். "நீங்க இழுத்துக்கினீங்க சார். சாரத்துக்குக் கீழ நிக்கிறவனுக்கு மேலருந்து வர்றது தெரியாது" என்றார். அவருக்கும் அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

முதலாளி ஷூவைக் கழற்றி எஸ்தர் பக்கம் தள்ளினார். பிறகு மெயிலை அனுப்பச் சொன்னார். பொத்தேரி ஆர்டர் போய்விட்டது. குடோனில் பாதி விளக்குகளை அணைத்துவைத்துக் காலம் தள்ளினோம். மூட வேண்டிய நிலைமை வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஷெட்டில் செய்த மற்ற ஷூக்கள் நன்றாக இருந்தனவா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரியாதவரை அதை இன்னொருவன் காலில் மாட்டக்கூடாது என்பதோடு எஸ்தர் பேச்சை முடித்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்து குடோனுக்கு வந்தேன். அவர் மேஜைக்கடியில் அந்த ஜோடி அறுக்காமல் இருந்தது. வலது ஷூவைப் போட்டுக்கொண்டு எடைக்கல்லைத் தூக்கினேன். பொறுக்கி அனுப்பிய ஷூ, நல்லதுதான், எஸ்தரே சொன்னார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலை இழுத்துக்கொண்டேன்.

அவர் வீட்டில் கேட்டு, அவருடைய ரம்பத்தை நானே வைத்துக்கொண்டேன். அந்த ஜோடி என் மேஜைக்கு வந்துவிட்டது. அடுத்த சரக்குக்கு யாராவது 'யார் கேட்கப் போகிறார்கள்' என்றால், போட்டுக்கொள்ளச் சொல்வேன்.